பதினாறாவது போர்ட்

மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியை அருள்மேரி திறந்ததும் உள்ளேயிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. இருட்டுக்குள் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன.

“இதுதான் பெட்டி. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார்.

ஜெரூஷா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் வேலை பார்த்து, அதை உதறிவிட்டுத் துப்பறிய வந்தவள். பின்னால் டார்ச் பிடித்து நின்ற குப்புராஜ் ஒரு காலத்தில் கேபிள் டி.வி. ஒயர் இழுத்து, பாதித் தாம்பரத்தின் மொட்டை மாடிகளை ஏறி இறங்கியவர். இப்போது அவளுக்கு உதவியாளர், டிரைவர். வாய்க்குத் தனியாகச் சம்பளம் கேட்கலாம்.

“ஸ்விட்சுன்றீங்க. ஆஃப் பண்ற பட்டனையே காணமே மேடம்?”

“டார்ச்சை நேராப் பிடிங்க குப்பு அண்ணா.”

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்தில் இருந்த அந்த வீட்டு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கட்டியவனிடமிருந்து உயிர் தப்பி வந்த பெண்கள் தங்கும் இடம். அதை நடத்தும் அருள்மேரி முகவரியை யாருக்கும் சொல்வதில்லை. தபால்கூட வேறு விலாசத்துக்குத்தான் வரும். அப்படியும் போன மாதம் ஒருத்தி பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனாள். வாசலில் அவள் கணவன் நின்றிருந்தான். அவள் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. அடுத்து அனுப்பிரியா, சான்றிதழ் வாங்கத் தாம்பரத்தில் தான் படித்த கல்லூரிக்குப் போனாள். கேட் ஓரமாகவே காத்திருந்தான் அவள் கணவன். முறிந்த கையோடு திரும்பி வந்தாள்.

எங்கே போகப்போகிறார்கள் என்பது அவர்கள் போகும் முன்பே யாருக்கோ தெரிந்திருந்தது.

“உள்ள இருக்கறவங்க யாராவது சொல்றாங்களா?” என்று அருள்மேரி கேட்டார். கேட்கவே அவருக்கு நாக்கூசியது.

“மனுஷங்க சொல்றாங்களா, போன் சொல்லுதான்னு முதல்ல பார்ப்போம்கா. இந்த வீட்டு போன், கம்ப்யூட்டர் எல்லாமே இந்த ஸ்விட்ச் வழியாத்தான் வெளிய போகுது. போறது எல்லாத்துலயும் எனக்கு ஒரு காப்பி குடுன்னு இதுகிட்ட சொல்லப் போறேன். போர்ட் மிரரிங்னு பேரு. யாரோட போன் எந்த சைட்டைத் தேடுதுன்னு என் லேப்டாப்ல தெரியும்.”

“பேசறதெல்லாம் கேக்குமா?”

“கேக்காது. பூட்டின கவர் மாதிரி. உள்ள இருக்கறது தெரியாது, மேல இருக்கற விலாசம் மட்டும் தெரியும்.”

“கல்யாண வூட்ல பந்தி நடந்துகினு இருக்கும்போதே, பார்சலுக்குன்னு ஒரு எலை தனியா போட்டுப்பாங்களே, அதுமாரி,” என்றார் குப்புராஜ்.

ஜெரூஷா கட்டளையைத் தட்டினாள். திரையில் சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. அவள் மறுபடி தட்டினாள். அதே பதில். அவள் விரல்கள் அப்படியே நின்றன.

“இன்னா மேடம்? கோச்சிகினு போயிடுச்சா?”

“இந்த மாடல் ஒரே ஒரு காப்பிதான் குடுக்கும்,” என்றாள் மெதுவாக. “அந்த ஒண்ணை ஏற்கெனவே யாரோ வாங்கிட்டிருக்காங்க.”

அலமாரிக்குள் பச்சை விளக்குகள் அதே தாளத்தில் சிமிட்டின. அருள்மேரி தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“பதினாறாவது போர்ட். இந்தக் கணக்கைப் பாருங்க. அதுக்குள்ள போறது மலை மாதிரி குவிஞ்சிருக்கு. அதுலேருந்து வர்றது சைபர். பேசவே பேசாம கேட்டுட்டு மட்டும் இருக்கு.”

பதினாறில் செருகியிருந்த கேபிள் மற்றவற்றோடு சேர்ந்து சுவருக்குள் போய் மறைந்தது. குப்புராஜ் தன் பையிலிருந்து ஒயர் தேடும் கருவியை எடுத்தார். ஒரு முனையைக் கேபிளில் மாட்டினால், அது ஓடும் வழியெல்லாம் கையில் இருக்கும் மறுபாதி கீச்சிடும். சுவரில் அதை வைத்துக்கொண்டே மெல்ல நடந்தார். சத்தம் சமையலறைப் பக்கம் போகவில்லை, கூடத்துக்கும் போகவில்லை. படிக்கட்டோடு ஏறி மொட்டை மாடிக்குப் போனது.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், செங்கல்லுக்கு நடுவே ஒரு பழைய டிபன் டப்பா. அதைத் திறந்தால் உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டரும் நெட்டுக்கு சிம் போட்ட டாங்கிளும். டாங்கிளின் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பிடுங்கி எறிங்க!” என்றார் அருள்மேரி.

“பிடுங்கினா உஷாராயிடுவான். யாருன்னு தெரியாமலே போயிடும்.” ஜெரூஷா குனிந்து பார்த்தாள். “மேரி அக்கா, இதை வெச்சவனுக்கு இந்த வீடு தெரியும். தெரிஞ்சும் யாரும் வந்து கதவைத் தட்டலை. வெளிய போன இடத்துலதான் பிடிக்கிறாங்க. இந்த வீடு பத்திரமான இடம்னு நீங்க நம்பிட்டே இருக்கணும். அப்பத்தான் இன்னும் பொண்ணுங்க வருவாங்க. அவனுக்கு வேண்டியது அதுதான்.”

அருள்மேரி தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

குப்புராஜ் கேபிள் முனையை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேடம், ஊர்ல எல்லாரும் ஆரஞ்சு ஒயரை முதல்ல வெச்சு, முனைல கிளிப்பை அமுக்கி கிரிம்ப் அடிப்பாங்க. இதுல பச்சை முதல்ல கீது. கீழ அலமாரில பாத்தேனே, அங்கயும் அத்தினியும் பச்சைதான். ஒரே கைதான் மேடம் எல்லாம் அடிச்சிருக்குது.”

“இந்த வீட்டுக்கு ஒயர் போட்டது யாருக்கா?”

“கீதா,” என்றார் அருள்மேரி. “போன வருஷம் இங்க இருந்தா. இந்த வேலைதான் படிச்சவ. அவளே எல்லாம் போட்டா. பாவம், அவ புருஷன் ஷ்யாம்சுந்தர் எப்படியோ கண்டுபிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான். அப்புறம் தன்னோட துணிமணியை எடுத்துட்டுப் போக ஒரே ஒரு தடவை வந்தா. மாடில போய்க் கொஞ்ச நேரம் அழுதுட்டு வர்றேன்னு சொன்னா.”

சொல்லிவிட்டு அவரே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

“அவகிட்ட ஸ்விட்ச் பாஸ்வேர்டைப் பிடுங்கிட்டு, அந்த ஷ்யாம்சுந்தர்தான் இதை ஓட்டறான்னு நினைக்கிறேன்,” என்றாள் ஜெரூஷா. “ஒரு தூண்டில் போட்டுப் பார்ப்போம். வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கக்கா.”

அனுப்பிரியாவிடம் மட்டும் சொல்லி, அவள் போனை வாங்கினாள். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் இருந்த ஓர் எலும்பு மருத்துவர் கிளினிக்கின் சைட்டைத் தேடித் திறந்தாள். மாவுக்கட்டுப் போட்ட பெண் தேடக்கூடிய இடம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருவரும் குப்புராஜின் ஆட்டோவில் கிளம்பினார்கள்.

கிளினிக்குக்கு எதிரே டீக்கடை நிழலில் ஆட்டோ நின்றது. ஏரித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வருகிற ஒவ்வோர் ஆணையும் ஜெரூஷா கவனித்தாள்.

“அந்த பனியன் போட்ட ஆளு?”

“டீ மாஸ்டர் அண்ணா அவரு.”

“மூஞ்சி சரியில்லையே.”

“அவரும் உங்களப் பத்தி அதைத்தான் நினைச்சிட்டிருப்பார்.”

ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இந்த வெயிலிலும் துப்பட்டாவைக் கழுத்து மூடச் சுற்றியிருந்தாள். ஓட்டமாகக் கிளினிக்குக்குள் போனாள். உடனே வெளியே வந்து தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். மறுபடி உள்ளே ஓடினாள். அருள்மேரி காட்டிய போட்டோவில் இருந்த முகம் அது. இப்போது பாதியாக இளைத்திருந்தது.

“ஆம்பளைக்குத் தூண்டி போட்டா பொம்பள மாட்டுது,” என்று முணுமுணுத்தார் குப்புராஜ். ஜெரூஷா அதற்குள் தெருவைக் கடந்திருந்தாள்.

“கீதா.”

அவள் அலறவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“மேரி அக்கா அனுப்பின ஆள் நான்.”

“அனு எங்க? உள்ள இல்லையே. அவள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. இனிமே போன்ல எதுவும் தேட வேணாம்னு சொல்லுங்க.” மூச்சு வாங்கியது. “அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்.”

“அனு வரலை. நாங்கதான் தேடினோம். ஷ்யாம்சுந்தர் எப்ப வருவான்?”

கீதா அவளை ஒரு கணம் வெறித்தாள். “இங்க வர மாட்டான். காலைல ரெண்டு பேரோட தேடல் வந்துச்சு. அனுவோடது ஒண்ணு. ஏஞ்சலோடது ஒண்ணு. அனு கையை முறிச்சதோட அவ புருஷன் கேட்டது முடிஞ்சிடுச்சாம். ஏஞ்சல் புருஷன்தான் ரொம்ப நாளா காத்துட்டிருக்கான். அவனைக் கூட்டிட்டுக் குரோம்பேட்டை போயிட்டான். அங்க நான் போக முடியாது, அனு மூலமா ஏஞ்சலைத் தடுக்கலாம்னுதான் இங்க வந்தேன்.”

ஜெரூஷா அருள்மேரிக்குப் போன் போட்டாள்.

“ஏஞ்சலா? நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூன்னு குரோம்பேட்டைல ஒரு நர்சிங் ஹோமுக்குக் கிளம்பிட்டாளே. யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்கன்னு நீதானேம்மா சொன்னே? அதான் நிறுத்தலை.”

டப்பாவைப் பிடுங்கி எறியச் சொன்னவர் அவர். வேண்டாம் என்று சொன்னது ஜெரூஷா. ஏஞ்சலின் போனுக்குக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

“ஜி.எஸ்.டி. ரோட்டுல இந்நேரத்துக்கு ஏரோபிளேன் ஓட்னாகூட போய்ச் சேர முடியாது மேடம்,” என்றார் குப்புராஜ். இந்த முறை அவர் குரலில் சிரிப்பு இல்லை.

“கீதா, நீங்க சொன்னா அவன் நம்புவானா?”

“யார் எதைத் தேடறாங்கங்கற லிஸ்ட் என் போன்லயும் ஓடும், அவன் போன்லயும் ஓடும். நான் என்ன சொன்னாலும் அதுல பார்த்துட்டுத்தான் நம்புவான்.”

“லிஸ்ட்ல ஆளை எப்படித் தெரியும்?”

“போனுக்கு என்ன பேர் வெச்சிருக்காங்களோ, அந்தப் பேர்ல வரும்.”

ஜெரூஷா உடனே அனுப்பிரியாவைக் கூப்பிட்டாள். “அனு, கேள்வி கேக்காதீங்க. உங்க போன் செட்டிங்ஸ்ல போன் பேர்னு ஒண்ணு இருக்கும். அதை ஏஞ்சல்னு மாத்துங்க. வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பெருங்களத்தூர்லேருந்து திருச்சிக்கு பஸ் டிக்கெட் தேடுங்க. ரெண்டு மூணு சைட்ல தேடுங்க.”

“ஒரு கைதாங்க இருக்கு,” என்றாள் அனுப்பிரியா. அவ்வளவுதான் சொன்னாள். சற்று நேரத்தில் கீதாவின் போன் திரையில் ஏஞ்சல் என்ற பெயர் முளைத்தது. அதன் கீழே பஸ் சைட்டுகள் ஒவ்வொன்றாக வரிசை கட்டின.

கீதா கணவனை அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவள் குரல் நடுங்கவில்லை.

“ஏங்க, ஏஞ்சல் இன்டர்வியூக்குப் போகலை போல. வீட்லதான் இருக்கா. ஊரை விட்டே போறா. பெருங்களத்தூர்ல பஸ் பார்க்குறா.”

“இரு.” மறுமுனையில் யாரோ பொறுமையிழந்து முனகும் சத்தம் கேட்டது. “ம், ஆமா. சரி, பெருங்களத்தூர் போறோம். நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேங்க.”

போன் அணைந்தது. கீதா ஆட்டோ பக்கம் நடந்தாள். “இதான் நான் அவன்கிட்ட சொன்ன முதல் பொய். அங்க யாரும் இல்லைன்னு தெரிஞ்சதும் நேரா ஸ்கூலுக்குப் போவான். என் பொண்ணு அஸ்தினாபுரத்துல படிக்கிறா.”

“ஏறுங்க.”

ஆட்டோ பறந்தது. போகும் வழியில் ஜெரூஷா தாம்பரத்தில் தனக்குத் தெரிந்த பெண் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நர்சிங் ஹோமுக்கு ஒரு காவலரையும், பள்ளிக்கு இரண்டு பேரையும் அனுப்புவதாக அவர் சொன்னார். அவர்கள் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் சொல்லவில்லை.

கீதா தலை குனிந்தபடியே பேசினாள். “காப்பி எடுக்கற அந்த மிரரை நான்தான் வெச்சேன். புதுசா வர்றவங்க போன்ல புருஷன் ஏதாவது வேவு ஆப் போட்டிருந்தா கண்டுபிடிக்கணும்னு வெச்சேன். நல்லதுக்குத்தான் வெச்சேன். அப்புறம் பாப்பாவ ஸ்கூல்லேருந்து தூக்கிட்டான். என்னை யாரும் பிடிச்சிட்டுப் போகலை. நானேதான் திரும்பிப் போனேன். மிரர் பத்தித் தெரிஞ்சதும் டப்பாவ வெக்கச் சொன்னான். இப்ப வேற புருஷனுங்களுக்கும் இதையே பண்ணிக் குடுக்கறான். சிம், வர்ற கால், எல்லாமே என் பேர்ல, என் நம்பர்ல.”

“கதவைப் பூட்டி வெச்சிருந்தானா?”

“பூட்டறதே இல்லை. பாப்பா அவன்கிட்ட இருக்கற வரைக்கும் நான் எங்க போவேன்?”

ஜெரூஷா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடப்பவளைப் பற்றிக் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கீதாவே சொன்னாள்: “பாஸ்போர்ட் ஆபீஸ்னு நான்தான் படிச்சுச் சொன்னேன்.”

தாம்பரத்தைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வேகமாகத் தெற்கே போனது. கீதா சட்டென்று ஆட்டோ தரையில் சுருண்டுகொண்டாள். குப்புராஜ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். கார் திரும்பவில்லை.

பள்ளி அலுவலகத்தில் இருந்த அம்மாள் பெயரைக் கேட்டதும் தயங்கினார். “அப்பா வந்தாதான் அனுப்பணும்னு எழுதிக் குடுத்திருக்காரும்மா. அம்மா வந்தாலும் அனுப்பக் கூடாதாம்.”

“நான்தான் அவ அம்மா,” என்றாள் கீதா. ஓடி வந்ததில் துப்பட்டா நழுவியிருந்தது. கழுத்தில் விரல் பதிந்த தடங்கள் ஊதா நிறத்தில் தெரிந்தன. அந்த அம்மாள் அவற்றைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“பின் கேட் வழியாப் போங்க. அவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

அவர்கள் சிட்லபாக்கம் திரும்புவதற்குள் இன்ஸ்பெக்டரிடமிருந்து போன் வந்தது. ஏஞ்சல் பத்திரம். இன்டர்வியூவில் தேறிவிட்டாள், நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. ஷ்யாம்சுந்தரைப் பள்ளி முன்கேட்டில் பிடித்துவிட்டார்கள். கூட இருந்தவனையும். சத்தமே போடாமல் ஜீப்பில் ஏறினானாம். “குழந்தை பசியோட இருக்கும்னுதான் வந்தேன்” என்று மட்டும் சொன்னானாம்.

இன்ஸ்பெக்டர் அனுப்பிய பெண் காவலர் டப்பாவைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார். ஆனால் வீடு இனி வீடல்ல. முட்டுச்சந்தில் ஒரு வேன் நின்றது. பெண்கள் பைகளோடு பேசாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறோம் என்று அருள்மேரி அவர்களிடம்கூடச் சொல்லவில்லை.

ஆட்டோவிலிருந்து கீதா இறங்கியதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அதற்குள் விஷயம் பரவியிருந்தது. யாரும் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அருள்மேரி வாயைத் திறந்தார், பிறகு அனுப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார். முடிவு சொல்ல வேண்டியது தானல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அனுப்பிரியா வேன் கதவருகே மாவுக்கட்டுக் கையை அணைத்தபடி நின்றாள்.

“பாப்பா ஏறட்டும்,” என்றாள்.

குழந்தை அம்மாவின் கையை விடாமல் நின்றது. அனுப்பிரியா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “உன் போனைக் கீழ வை,” என்றாள். “வெச்சுட்டு ஏறு. என் பக்கத்துல உக்காராதே.”

கீதா போனைக் காம்பவுண்டு சுவர் மேல் வைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

குப்புராஜ் வேன் கதவைச் சாத்தப் போனார். அப்போது சுவர் மேலிருந்த போன் அடித்தது.

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. திரையில் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். ஷ்யாம்சுந்தர் ஸ்டேஷனில் இருக்கிறான். அவன் போன் இன்ஸ்பெக்டர் மேசையில் இருக்கிறது.

ஜெரூஷா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பேசவில்லை.

“குட் ஈவினிங் மேடம்.” பண்பான குரல். படித்த குரல். பின்னால் ஏதோ ஆபீஸ் சத்தம். “தொந்தரவுக்கு மன்னிக்கணும். சார் போனை எடுக்க மாட்டேங்கறாரு. இன்னிக்கு என் ஒய்ஃப் எதுவும் தேடினாங்களா?”

ஜெரூஷா வேன் ஜன்னல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். இதில் யாரைக் கேட்கிறான் இவன்? பாக்கி முகங்களுக்கு எத்தனை பேர் இப்படிக் காத்திருக்கிறார்கள்? குப்புராஜ் கேள்வியோடு அவளைப் பார்த்தார்.

ஜெரூஷா அந்த அழைப்பைப் பதிவு செய்யும் பட்டனைத் தொட்டாள். குரலைத் தாழ்த்தி, கீதாவைப் போலவே நடுங்காமல் பேசினாள்.

“தேடினாங்க சார். லிஸ்ட்ல நிறையப் பேரு இருக்காங்க, குழம்பிடுது. உங்க பேரு, அவங்க பேரு ரெண்டையும் ஒருதரம் சொல்லிடுங்களேன்.”

“ஓ, தாராளமா.” மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு. அவன் இரண்டு பெயரையும் சொன்னான். வேனின் மூன்றாவது ஜன்னலில் இருந்தவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என் அட்ரஸும் வேணுமா மேடம்?”

“சொல்லுங்க சார்,” என்றாள் ஜெரூஷா. “நிதானமாவே சொல்லுங்க.”